மச்சானைச் சித்தப்பாவாக்கிய மரம்

போன செவ்வாய்க்கிழமை அலுவலகத்தில் ஒரு சின்னச் சங்கதி நடந்தது. ஃப்ரையா என்றொரு பிள்ளை எனக்குப் பக்கத்து மேசையில் இருக்கிறாள். நான் குளிருக்குப் போடும் கோட்டைவிட அவளுக்கு வயது குறைவாகத்தான் இருக்கும். புதிதாக எங்கள் கைக்கு வந்த ஒரு வேலையில் எந்த ஃபோல்டருக்குள் எந்த ஃபோல்டர் கிடக்கிறது என்று எனக்குப் பிடிபடவில்லை. அவளைக் கேட்டேன். கறுப்புத் திரையில் ஒரேயொரு சொல்லைத் தட்டினாள். நான் கண்ணாடியைத் துடைத்துப் போடுவதற்குள் மரம் முழுவதும் மேலிருந்து கீழே கொட்டி முடிந்துவிட்டது. கிளை, கிளைக்குள் கிளை, மூலைக்கு மூலை அழகான வளைவு. ஒரு கோடுகூட விலகவில்லை. “பென்ட், இக்?” என்றாள் டேனிஷில். வடிவாக இருக்கிறதல்லவா என்று கேட்கிறாள். வடிவாகத்தான் இருந்தது. கேட்டதற்குக் கைக்கூலியாக எனக்கு ஒரு சுவிங்கமும் தந்தாள். பெப்பமின்ட்.

அதை வாயில் போட்டதுதான் பிழை. கோப்பி எடுக்கப் போன மனிதன் கோப்பி மெஷினுக்கு முன்னால் வெறுங்கோப்பையோடு நின்றுகொண்டிருந்தேன். பெப்பமின்ட் வாசம் எனக்கு ரஞ்சன் அத்தானின் வாசம். அவரும் இந்தக் கோட்டு மரமும் என் மண்டைக்குள் ஒரே அறையில் குடியிருப்பவர்கள். ஏன் என்று சொல்கிறேன், உங்களுக்கு நேரம் இருந்தால்.

முதலில் மரம். கணினியில் ஒரு ஃபோல்டருக்குள் இன்னொன்று, அதற்குள் மற்றொன்று என்று அடுக்கி வைத்திருப்போம் அல்லவா? அதை ஒருவருக்கு எழுத்தில் காட்ட வேண்டுமென்றால் கீபோர்ட்டில் இருக்கும் குறிகளாலேயே படம் போடுவோம். நிற்கிற கோடு ஒன்று, படுத்த கோடு இரண்டு, கடைசிக் கிளைக்கு மூலையில் ஒரு சாய்வுக்குறி. உள்ளே போகப்போக வலப்பக்கமாகத் தள்ளித் தள்ளி எழுத வேண்டும். வேர் மேலே இருக்கும், கிளை கீழே தொங்கும். இதற்குப் போய் மரம் என்று பெயர் வைத்த ஆள் தலைகீழாக நின்றிருக்க வேண்டும்.

நான் வேலை பழகியது வைலே என்ற டேனிஷ் நகரத்தில், துறைமுகப் பக்கம், ஒரு மாடியில் இருந்த சின்னக் கொம்பனியில். களஞ்சியங்களில் எந்தச் சாமான் எந்தத் தட்டில் இருக்கிறது என்று காட்டும் புரோகிராம் செய்து விற்றார்கள். ஒவ்வொரு புரோகிராமோடும் ‘என்னை வாசி’ என்று டேனிஷில் பெயர் வைத்த ஒரு வெறும் எழுத்துக் கோப்பும் போகும். அதில் மரம் போடுவது என் வேலை. என் டேனிஷை நம்பி வாடிக்கையாளரோடு ஃபோனில் கதைக்க விட முடியாது என்று முதலாளி நினைத்தார். அவர் நினைத்ததில் பிழையில்லை. ‘ஒரு’ என்று சொல்ல எந்தச் சொல்லுக்கு முன்னால் ‘என்’ வரும், எதற்கு ‘எட்’ வரும் என்று இன்றைக்கும் எனக்குத் திண்டாட்டம்தான். மரத்தில் அந்தத் தொல்லை இல்லை. இது அதற்குள் இருக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் அதற்கும் ஒரு வித்தை இருந்தது. டேனிஷ் கீபோர்ட்டில் நிற்கிற கோடும் அந்தச் சாய்வுக்குறியும் ஒரே விசையில்தான் இருக்கும். அழிக்கிற விசைக்கு ஒட்டின பக்கத்து வீடு. ஒன்றைப் போட இரண்டு விரல், மற்றதைப் போட்டால் இடைவெளி விசையையும் தட்டும்வரை அது திரைக்கு வரவே வராது. விரல் கொஞ்சம் சறுக்கினால் போட்டதும் போய்விடும். நான் ஒரு கிளை வைப்பதும் இரண்டு கிளை வெட்டுவதுமாக முதல் மாதங்களைக் கழித்தேன்.

இன்னொரு சுலபமான வழியும் இருந்தது. பழைய கறுப்புத் திரையில் ஒரு கட்டளை கொடுத்தால் அதுவே இழைத்த மாதிரி ஒட்டின கோடுகளால் மரம் போட்டுத் தரும். அதைக் கண்டுபிடித்த அன்றைக்கு எனக்குத் தலைகால் தெரியாத புழுகம். அப்படியே கோப்பில் ஒட்டி அனுப்பிவிட்டேன். இரண்டாம் நாள் ஒரு வாடிக்கையாளர் ஃபோன் எடுத்து, உங்கள் விளக்கம் ஏன் ஸ்வீடிஷ் மொழியில் இருக்கிறது என்று கேட்டார். பார்த்தால், அவருடைய கணினியில் படுத்த கோடெல்லாம் தலையில் இரண்டு புள்ளி வைத்த ஆங்கில ஏ எழுத்தாக மாறியிருந்தது. அது ஸ்வீடன்காரரின் எழுத்து. டேனிஷ்காரருக்கு, பரம்பரைப் போட்டிக்காரரான ஸ்வீடன்காரரின் எழுத்தை வரிசை வரிசையாக அனுப்பினால் என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு எதிர் மேசையில் மெத்த என்றொருத்தி இருந்தாள், என் வயதுதான். அவள் மேசையில் தலையை வைத்துச் சிரித்தாள். சிரித்து முடித்து, இனிமேல் கீபோர்ட்டில் அச்சடித்திருக்கிற குறிகள் மட்டும்தான் என்று எனக்குச் சட்டம் போட்டாள்.

இப்போது அத்தான். அப்போது அவர் அத்தான் இல்லை, வெறும் ரஞ்சன். வைலேயில் சுவிங்கம் செய்கிற தொழிற்சாலையில் வேலை. குளித்து, சென்ட் பூசி, கோயிலுக்குப் போய் விபூதியும் பூசி வந்தாலும் அவரிடம் பெப்பமின்ட்தான் மணக்கும். என் அக்கா வாசுகி ஓல்போர்க் ஆஸ்பத்திரியில் வேலை செய்தாள். வெள்ளிக்கிழமைகளில் ரயிலேறி அம்மாவையும் என்னையும் பார்க்க வைலேக்கு வருவாள். சில வெள்ளிக்கிழமைகளில் அக்காவின் சால்வையிலும் பெப்பமின்ட் மணத்தது. அம்மா ஒன்றும் கேட்கவில்லை. அப்பா இறந்த பிறகு எங்கள் வீட்டைத் தாங்கினவள் அக்கா. அவள் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தால் அது எந்த மணத்தோடு வந்தால் என்ன என்று அம்மா விட்டிருக்க வேண்டும். ஒருநாள் அக்காவே சொன்னாள். அம்மா ஓம் என்றாள். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது.

கெடுத்தது சந்தோசம். அல்பர்ட்ஸ்லுண்டில் ஒரு சாமத்திய வீடு, ஒரு பிள்ளை பெரியவளானதற்கு எடுத்த கொண்டாட்டம். ரஞ்சனின் தகப்பன் தம்பையா அங்கேதான் இருந்தார், மட்டக்களப்பு ஆள். ஊர் விசாரித்து, பேர் விசாரித்து, சாப்பாட்டு மேசையில் அம்மாவுக்கு எதிரே இருந்தவர் திடீரென்று எழும்பி நின்றுவிட்டார். யாழ்ப்பாணத்திலிருந்து மட்டக்களப்புக்குக் கட்டிக்கொடுத்த அவருடைய தாய் தெய்வானை, எங்கள் அப்பாவின் குடும்பத்துப் பெண்ணாம்.

“அட, நாம சொந்தம்கா!” என்று மண்டபமே திரும்பிப் பார்க்கச் சொன்னார். கண்ணெல்லாம் தண்ணீர். நானும் பக்கத்தில் நின்று பல்லைக் காட்டினேன்.

ரயிலில் திரும்பி வரும்போது ஒடென்ஸ ஸ்டேஷன் தாண்டியதும் அம்மா மெல்லக் கேட்டாள்.

“சொந்தமெண்டா என்ன முறை?”

அந்தக் கேள்வி உங்களுக்கு விளங்கும். சொந்தம் என்பது போதாது. மச்சான் முறையென்றால் தேன், அண்ணன் முறையென்றால் நினைக்கவே கூடாது. அப்பா இல்லை. அப்பாவின் பக்கத்தில் விவரம் தெரிந்தவர்கள் ஒருவரும் மிஞ்சவில்லை. எங்கள் குடும்பத்தில் கடைசிச் சொல் அம்மாவின் அண்ணனிடம், ரொறன்ரோவில் இருந்த பெரியமாமாவிடம். அவர் சரி என்றால் சரி. அவருக்கு அப்பாவின் பூர்வீகம் தெரியாது, ஆனால் முறை சொல்ல அவரைப்போல் ஆள் இல்லை. யார் யாருக்குப் பிறந்தது என்று மட்டும் சொல்லிவிட்டால், மற்றதை அவர் நாடி பிடிப்பதுபோலப் பிடித்துவிடுவார்.

அம்மாவுக்கு ஃபோனில் சொல்லத் தொடங்கினாலே அழுகை வரும். “நான் கீறி அனுப்புறன்” என்றேன். எனக்குத்தான் மரம் போடுகிற கை இருக்கிறதே. தம்பையாவிடம் ஃபோனில் கேட்டு, அம்மாவிடம் கேட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்க இருந்து போட்டேன். அப்போது தமிழ் எழுத்து ஈமெயிலில் ஒழுங்காகப் போகாது. பெயர்களை ஆங்கில எழுத்தில்தான் எழுதினேன். இங்கே தமிழிலேயே காட்டுகிறேன்.

முருகேசு
|-- கந்தையா
|   `-- சிவபாலன்
|       `-- வாசுகி
`-- தெய்வானை
    `-- தம்பையா
        `-- ரஞ்சன்

முருகேசு எங்கள் பூட்டன். அவருக்கு ஒரு மகன், ஒரு மகள். மகன் கந்தையாவின் மகன் எங்கள் அப்பா சிவபாலன், அவர் மகள் அக்கா. மகள் தெய்வானையின் மகன் தம்பையா, அவர் மகன் ரஞ்சன். அண்ணன் தங்கை வழி வந்த பிள்ளைகள். தம்பையா அப்பாவுக்கு மச்சான், எங்களுக்கு மாமா முறை. ரஞ்சன் அச்சொட்டான மச்சான். அக்காவுக்கென்றே யாரோ எடுத்து வைத்த மாதிரி.

அம்மாவுக்குக் காட்டினேன். அவள் கண்ணாடியைப் போட்டுக் கனநேரம் பார்த்தாள்.

“இதில நான் எங்க?”

“இது அப்பான்ர பக்கம் அம்மா. இதில ஒராளுக்குக் கீழ ஒராள்தான் போடலாம்.”

“அப்ப வாசுகியை ஆர் பெத்தது? கொப்பரோ?”

ஃபோல்டருக்கு மேலே ஒரு ஃபோல்டர்தான் இருக்கும், தாயும் தகப்பனுமாக இரண்டு இருக்காது. இதை அம்மாவுக்கு விளங்கப்படுத்தப் போனால் அன்றைக்குச் சோறு கிடைத்திராது. அவளுடைய பெயரையும் சேர்த்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுச் சேர்க்காமலே, அடுத்த நாள் கொம்பனிக் கணினியிலிருந்து பெரியமாமாவின் இளைய மகனுடைய ஈமெயிலுக்கு அனுப்பிவைத்தேன். அவன் பிரிண்ட் எடுத்துத் தகப்பனிடம் கொடுப்பான் என்று ஏற்பாடு. என் மரங்களில் அதைப்போல ஒன்றை நான் போட்டதில்லை. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

அடுத்த ஞாயிறு மத்தியானம் மாமா ஃபோன் எடுத்தார். அம்மாதான் ரிசீவரைத் தூக்கினாள். “ஓம் அண்ணை... ஓம் அண்ணை...” என்று நின்றவளின் குரல் போகப்போக இறங்கியது. பிறகு என்னிடம் தந்தாள்.

“மருமகன், அது சரிவராது” என்றார். கோபமே இல்லை, அதுதான் கூடப் பயமாக இருந்தது. “அவன் அவளுக்குச் சித்தப்பன் முறை. பிள்ளைக்குப் பக்குவமாச் சொல்லி விடுங்கோ.”

“மாமா, மச்சான் முறையெல்லோ...”

“நீ அனுப்பினதை வச்சுக்கொண்டுதான் கதைக்கிறன்.”

நான் அனுப்பினதை நானும் வைத்துக்கொண்டுதான் நின்றேன். எந்தப் பக்கத்தால் பார்த்தாலும் மச்சான்தான் வந்தது. ஆனால் மாமாவோடு எதிர்த்துக் கதைக்கிற பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. ஃபோன் வைத்துவிட்டார்.

அக்காவுக்கு அம்மா சொன்னாள். மறுமுனையில் அழுகைகூட இல்லை. “சரி” என்றாளாம். அடுத்த வெள்ளிக்கிழமை அவள் வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் வேலை என்றாள். அம்மா வெள்ளிதோறும் அவளுக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் பொரியல் செய்து மூடி வைப்பாள், சனிக்கிழமை நான் சாப்பிடுவேன். அக்கா அப்பாவுக்குப் பிறகு ஒன்றையும் தனக்கென்று கேட்டதில்லை. கேட்ட ஒன்றே ஒன்றை நாங்கள் எல்லோரும் சேர்ந்து, அதுவும் என் கையால் போன ஒரு மரத்தை வைத்துப் பறித்துவிட்டோம் என்று எனக்கு இருந்தது.

பிறகு சந்தேகம் வந்தது. யாழ்ப்பாணத்தாரான மாமாவுக்கு மட்டக்களப்புச் சம்பந்தம் பிடிக்கவில்லை, அதை நேரே சொல்ல முடியாமல் முறையைச் சாட்டுகிறார் என்று. இதை முதலில் சொன்னது தம்பையா. பிறகு அம்மாகூடத் தலையாட்டினாள். எனக்கும் அப்படித்தான் பட்டது. மாமா மேல் எனக்கு அதுவரை வராத கோபம் வந்தது. மனதுக்குள் அவரை நல்ல பேச்சுப் பேசினேன், அதுவும் டேனிஷில். ‘என்’, ‘எட்’ ஒன்றிலும் பிழை வரவில்லை.

ஒரு பின்னேரம் ரஞ்சன் வீட்டுக்கு வந்தார். கையில் வழக்கம்போல சுவிங்கப் பை. வந்தால் வாசலிலேயே “மாமி!” என்று கூப்பிடுவார். அன்றைக்குக் கதவைத் திறந்தபடி நிற்கிறார், ஒன்றும் வரவில்லை. சித்தப்பன் முறையென்றால் அம்மா அவருக்கு அண்ணி அல்லவா? மாமி என்று கூப்பிடவும் ஏலாது, அண்ணி என்று கூப்பிட வாயும் வராது.

“ஆக்கள் இருக்கிறியளோ?” என்றார் கடைசியில், யாரோ மீற்றர் பார்க்க வந்தவர்போல.

அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள். நாங்கள் இரண்டு பேரும் பெப்பமின்ட் மென்றபடி தொலைக்காட்சியில் கைப்பந்தாட்டம் பார்த்தோம். யார் வென்றது என்று இரண்டு பேருக்கும் தெரியாது.

போகும்போது, “வாசுகி என்ன சொல்லுறா?” என்று கேட்டார்.

“சரி எண்டாவாம்” என்றேன்.

தலையை ஆட்டிவிட்டுப் படியிறங்கினார். படி முழுக்க அந்த வாசம் நின்றது.

கடைசியில் மாமாதான் முடிச்சை அவிழ்த்தார், தெரியாமலே. நான் துணிந்து ஈமெயில் எழுதினேன். மாமா, நீங்கள் நினைப்பது பிழை, என்ன காரணம் என்று நேரே சொல்லுங்கள் என்று. அவர் மகனைக்கொண்டு பதில் போடுவித்தார். காரணம் ஒன்றுமில்லை, உன்னுடைய மரத்தை நீயே பார் என்று எழுதி, கீழே என் மரத்தையும் அப்படியே திருப்பி அனுப்பியிருந்தார். கொம்பனியில், திரையில், அதைப் பார்த்தேன்.

முருகேசு
|-- கந்தையா
| `-- சிவபாலன்
| `-- வாசுகி
`-- தெய்வானை
`-- தம்பையா
`-- ரஞ்சன்

நான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழும்பியதில் மெத்தவின் கோப்பி சிந்தியது. அவள் வந்து என் தோளுக்கு மேலால் பார்த்தாள். தமிழ்ப் பெயர்களில் அவளுக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் மரம் தெரியுமே.

“மெல்லெம்ரும்” என்றாள். இடைவெளிகள். ரொறன்ரோவில் அவர்கள் இணையத்தில் ஈமெயில் வாசிக்கிற பக்கம், வரிசையாக வந்த இடைவெளிகளையெல்லாம் ஒன்றாக்கி, வரியின் தொடக்கத்தில் வந்தவற்றை முழுதாக விழுங்கிவிட்டிருந்தது. தள்ளி நின்றவர்கள் எல்லோரும் இடப்பக்கச் சுவரோடு வந்து ஒட்டிக்கொண்டார்கள்.

மாமாவின் கண்ணால் பார்த்தேன். தம்பையா தெய்வானையின் மகனாக உள்ளே தள்ளி இல்லை, தெய்வானையின் வரிசையிலேயே நிற்கிறார், அதாவது கந்தையாவுக்குத் தம்பி. அக்கா அப்பாவின் மகள், ரஞ்சன் தம்பையாவின் மகன் என்று மாமாவுக்கு ஏற்கெனவே தெரியும். அப்படியென்றால் ரஞ்சன் எங்கள் அப்பாவுக்குத் தம்பி முறை, அக்காவுக்குச் சித்தப்பா. மனிதர் கணக்கில் ஒரு பிசகும் இல்லை. முறை பார்ப்பதில் நாங்கள் நினைத்ததைவிட நேர்மையான ஆள். மட்டக்களப்பும் இல்லை, ஒன்றும் இல்லை. அவ்வளவு நாளும் அவரைத் திட்டினதற்காக எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

இடைவெளிக்குப் பதில் புள்ளி வை என்றாள் மெத்த. வைத்தேன். அவற்றை ஒருவராலும் விழுங்க முடியாது.

முருகேசு
|-- கந்தையா
|...`-- சிவபாலன்
|.......`-- வாசுகி
`-- தெய்வானை
....`-- தம்பையா
........`-- ரஞ்சன்

முதலில் மெத்தவுக்கே அனுப்பி, அவளுடைய கணினியில் சரியாக வருகிறதா என்று பார்த்த பிறகுதான் ரொறன்ரோவுக்கு அனுப்பினேன். அன்று மத்தியானம் அவளுக்குக் கன்டீனில் நான்தான் சாப்பாடு வாங்கிக் கொடுத்தேன். யாருக்குக் கல்யாணம் என்று கேட்டாள். சொன்னேன். உங்கள் நாட்டில் காதலிக்க இவ்வளவு தொழில்நுட்பம் வேண்டுமா என்றாள்.

ஞாயிறு வந்தது. மாமா ஃபோன் எடுத்தார். அம்மாவைக் கேட்கவில்லை, என்னைத்தான் கேட்டார்.

“மருமகன், இப்ப அனுப்பினது விளங்குது. தம்பையா தெய்வானையின்ர மோன். அப்ப பெடியன் மச்சான்தான்.”

“ஓம் மாமா.”

“ஆனா ஒண்டு விளங்கேல்லை. இந்தப் புள்ளியள் எல்லாம் ஆர்?”

எனக்குச் சிரிப்பு வந்தது. வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்.

“செத்துப்போன ஆக்களோ?”

இல்லை மாமா, வெறும் இடம் என்று சொல்ல வந்தேன். அதற்குள் நினைவு வந்தது. பெரியமாமாவின் மூத்த மகன் ஊரிலேயே நின்றவன். ஒரு நாள் சைக்கிளில் போனவன் திரும்பி வரவில்லை. எங்கே, என்ன என்று இன்றைக்கும் ஒருவருக்கும் தெரியாது. அந்த வீட்டில் அவனைப்பற்றி ஒருவரும் கதைப்பதில்லை.

“இல்லை மாமா. ஆக்கள் இல்லை. எழுத்து விலகாம இருக்கப் போட்டது.”

“ஓ” என்றார். “நல்லது. நான் நினைச்சன், எங்கட பக்கத்து மரம் போட்டாலும் இப்பிடித்தான் போடவேணும் எண்டு.” பிறகு தொண்டையைச் செருமினார். “பிள்ளையை எடுக்கச் சொல்லு. நான் அவளோட கதைக்கவேணும்.”

அக்கா ஓல்போர்க்கில் எல்லோ நிற்கிறாள் என்றேன். நம்பரைத் தா என்றார். மாமா அதற்கு முன் அக்காவை நேரே ஃபோனில் எடுத்ததே இல்லை, எல்லாம் அம்மாவுக்கூடாகத்தான். அவர்கள் என்ன கதைத்தார்கள் என்று அக்கா முழுதாகச் சொன்னதில்லை. ஒன்றுமட்டும் சொன்னாள். “மாமா என்னட்டை மன்னிப்புக் கேட்டவரடா. நான் என்ன செய்யிறது, அழுதிட்டன்.” அவர் கேட்டிருக்கத் தேவையில்லை. பிழை அவரிடம் இல்லை. ஆனால் ஒரு பிள்ளை சும்மா இருந்து கவலைப்பட்டிருக்கிறது, பெரியவன் நான் கேட்காமல் யார் கேட்பது என்று நினைத்திருக்கிறார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அக்கா வந்தாள். கத்தரிக்காய்ப் பொரியல் எனக்குக் கிடைக்கவில்லை. ரஞ்சன் அத்தான் வாசலில் நின்று “மாமி!” என்று கத்திய சத்தத்துக்குக் கீழ் வீட்டு டேனிஷ் மனிசி கதவைத் திறந்து பார்த்தாள். கல்யாணம் கோடையில், ஒரு விளையாட்டு மண்டபத்தில் நடந்தது. மணவறைக்குப் பின்னால் கூடைப்பந்து வளையம் தொங்கியது. மாமாவுக்கு வர முடியவில்லை, நெஞ்சுவலி என்று வைத்தியர் மறித்துவிட்டார். தாலி கட்டுகிற நேரம் ரொறன்ரோவுக்கு ஃபோன் எடுத்து, நாதஸ்வர ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். அவருக்கு என்ன கேட்டிருக்கும் என்று தெரியவில்லை, ஆனால் வைக்காமல் கேட்டுக்கொண்டே இருந்தார்.

அதெல்லாம் போய்விட்டது. துறைமுகப் பக்கத்துக் கொம்பனியை வேறொரு கொம்பனி வாங்கி, அதையும் வேறொன்று வாங்கி, இப்போது அந்த மாடியில் யோகா சொல்லிக்கொடுக்கிறார்கள். ‘என்னை வாசி’ என்று பெயர் வைத்த கோப்பை வாசிக்கிற வாடிக்கையாளர்கள் ஓய்வு பெற்றுப் போய்விட்டார்கள். மெத்த ஃபின் தீவில் எங்கோ ஆடு வளர்க்கிறாளாம். தம்பையா மாமா போனார், பிறகு அம்மா, அவளுக்குப் பின்னால் ரொறன்ரோவில் பெரியமாமா. யார் யாருக்கு என்ன முறை என்று ஒரு பேரைச் சொன்னதும் சொல்லக்கூடிய ஆட்கள் அவர்கள்தான். எங்களுக்குப் பிறகு வந்த பிள்ளைகளுக்கு எல்லோரும் அங்கிள், எல்லோரும் அன்ரி. அதில் ஒரு வசதியும் இருக்கிறது, நான் இல்லையென்று சொல்லவில்லை. சித்தப்பா முறை, மச்சான் முறை என்று யாரையும் யாரும் அழவைக்க முடியாது.

இந்தக் கோடையில் அக்கா ஒரு பகல் ஃபோன் எடுத்தாள். அவளுக்கும் அத்தானுக்கும் ஒரே மகள், மாயா, ஓஹூஸில் படித்து அங்கேயே வேலை. மக்னஸ் என்று ஒரு பெடியனோடு பழக்கம், எல்லோருக்கும் தெரியும்.

“ரெண்டு பேரும் சேந்து வீடு எடுத்திட்டினமாம்” என்றாள் அக்கா. “இண்டைக்குத்தான் சொன்னவள். டேனிஷிலதான் சொன்னவள்.”

“நல்ல பெடியன்தானே அக்கா?”

“நல்ல பெடியன். எனக்கு வேண்டாமெண்டு இல்லை. அத்தானுக்கும் சந்தோசம்.” குரலைத் தாழ்த்தினாள். “ஆனா ஆரிட்டையாவது ஒருக்காக் கேக்கவேணும் போல கிடந்ததடா. ஃபோனைக் கையில வச்சுக்கொண்டு இருக்கிறன், ஆருக்கு அடிக்கிறதெண்டு தெரியேல்லை. அம்மாவும் இல்லை, மாமாவும் இல்லை. பிறகுதான் ஓடிச்சுது, மாயாவுக்குத் தாய்மாமன் நீயெல்லோ.”

எனக்கு அது அதுவரை மண்டைக்குள் ஓடியிருக்கவில்லை. நாற்காலியில் நிமிர்ந்து இருந்தேன். பெரியமாமாவாக இருந்தால் என்ன கேட்பார் என்று யோசித்துப் பார்த்தேன்.

“பெடியன்ர தகப்பன் ஆர்? எந்த ஊர்?”

“தகப்பன் பள்ளிக்கூட வாத்தி. ஊர் ஹோப்ரோ” என்றாள் அக்கா.

“ஓம்” என்றேன். அதற்குப் பிறகு கேட்க வேண்டிய கேள்வி எது என்று எனக்குத் தெரியவில்லை. மறுமுனையில் அக்கா, பெரியமாமாவைப்போல நானும் ஒரு கடைசிச் சொல் சொல்லப்போகிறேன் என்று காத்திருந்தாள்.